அண்ணன் சொன்னா சரிதாங்க

பள்ளிக்கூடப் பை தைக்கிற அந்தப் பட்டறையில் மொத்தமே மூன்று பேர். அண்ணன் துணி வெட்டுவார், அண்ணி ஜிப் வைப்பார், தங்கை தோள்வார் தைப்பாள். தங்கையை எல்லாரும் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது தாண்டியும் அந்தப் பேர் போகவில்லை. தடித்த வாரைத் தைக்கிற பெரிய மிஷின் ஒன்றே ஒன்று. அது அவள் கைக்கு மட்டும்தான் படியும். வேறு யார் உட்கார்ந்தாலும் ஊசி உடையும்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். உள்ளுக்குள் என்ன வேண்டுமானாலும் அடித்துக்கொள்வார்கள், பாத்திரம் பறக்கும். வெளியாள் படியேறிவிட்டால் அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவர் எதைச் சொன்னாலும் மற்ற இரண்டு பேரும் தலையாட்ட வேண்டும். குடும்பமாகத் தொழில் பண்ணுகிறவர்களுக்கு இந்த ஒற்றுமைதான் பலம் என்று அண்ணன் மார்தட்டிக்கொள்வார். பலமாம், பெரிய பலம்!

வாடிக்கைக் கடைகள் ஒவ்வொன்றாக வெளிநாட்டுப் பைக்கு மாறிவிட்டன. மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை, ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய கடை. அதுவும் கைவிட்டால் பட்டறைக்குப் பூட்டுதான். அந்தக் கடைக்குச் சரக்கு எடுக்கிற அம்மா ஒருநாள் நேரிலேயே வந்தார். தையலை இழுத்து இழுத்துப் பார்த்தார், பிடித்துப்போனது. பள்ளி திறப்பதற்குள் ஆயிரம் பை முடியுமா என்று கேட்டார்.

"தாராளமா முடியும்" என்றார் அண்ணன், யோசிக்கக்கூட இல்லாமல்.

சின்னவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். தலைகீழாக நின்றாலும் அதில் பாதிக்கு மேல் தைக்க முடியாது. வந்த அம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. அந்த ஒற்றை மிஷினை இன்னொரு தரம் பார்த்துவிட்டு இவள் பக்கம் திரும்பினார்.

"தைக்கப்போறது நீங்கதானே. நீங்க சொல்லுங்க, முடியுமா?"

பாழாய்ப்போன வழக்கம். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள்.

"அண்ணன் சொன்னா சரிதாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று அந்த அம்மா கிளம்பிப் போனார். அடுத்த வாரம், பட்டறைகளுக்கு நூல் கொண்டுவந்து போடுகிறவர் வந்து சேதியைப் போட்டு உடைத்தார். ஆர்டர் இரண்டு தெரு தள்ளி இருக்கிற பட்டறைக்குப் போய்விட்டதாம். அங்கேயும் புருஷன்காரன் முடியும் என்றுதான் ஆரம்பித்தானாம். பொண்டாட்டி குறுக்கே புகுந்து, பாதிதாங்க முடியும் என்றாளாம். சரி, பாதியையே தைங்க என்று அந்த அம்மா அங்கேயே முடிவு பண்ணிவிட்டாராம்.

அவர் போனதும் அண்ணன் வெட்டுமேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"முடியாதுன்னு உனக்குத் தெரியும்தானே. ஏன் சொல்லல?"

"நீங்க சொன்னப்புறம் நான் எப்படிண்ணா சொல்றது?"

"எனக்கும் தெரியும்மா. முடியாதுன்னு சொல்ல வாய் வரல. அவங்க உன்னைக் கேட்டப்போ, அப்பாடா, இவ சொல்லிடுவான்னு நெனச்சேன்."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சண்டை போடக்கூட யாருக்கும் தெம்பில்லை.

பள்ளி திறந்த கையோடு பட்டறையைப் பூட்டினார்கள். பெரிய மிஷினை அந்த இரண்டு தெரு தள்ளிய பட்டறைக்காரர்களே வாங்கிக்கொண்டார்கள். அதை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டுமே, சின்னவளையும் கூடவே வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். முதல் நாளே அந்த வீட்டம்மா ஒரு கட்டு வாரைக் கொண்டுவந்து போட்டு, சாயங்காலத்துக்குள் முடியுமா என்று கேட்டாள்.

"முடியாதுங்க. பாதிதான் ஆகும்."

சரி என்று மீதியை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். அவ்வளவுதான். ஒரு முகச்சுளிப்புகூட இல்லை. சின்னவள் கையிலிருந்த வாரைக் கீழே வைத்தாள். மிஷினை நிறுத்திவிட்டு, யார் பார்த்தால் என்ன என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.