அகலக் கோப்பு

"எழுத்தெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கும்மா," என்று அச்சுக்கடைக்காரர் போனில் சொன்னபோது, மகள் அப்பாவின் கம்ப்யூட்டரைக் குடைந்துகொண்டிருந்தாள். முன்னறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். நான்கு மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் இரங்கல் அறிவிப்பு வர வேண்டும், அதுவும் அவர் வரைந்த எழுத்துருவிலேயே வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது அவள்தான். இரண்டு வருடம் எட்டிப் பார்க்காதவளுக்கு இன்றைக்கு என்ன கரிசனம் என்று நாற்காலிக்கு நாற்காலி பேச்சு நடந்தது.

தெருவில் அப்பாவுக்குப் பெயர் 'அகலம்'. எழுத்துருவைக் கேட்டவருக்கெல்லாம் கொடுப்பார். எந்த எழுத்து எவ்வளவு இடம் அடைக்கும் என்று பிரிண்டருக்குச் சொல்கிற அகலக் கோப்பை மட்டும் கூடவே கொடுக்க மாட்டார். "என்ன மெஷின்?" என்று விசாரித்து, அதற்கென்றே அளந்து, மறுநாள்தான் அனுப்புவார். பாதிப் பேர் அலுத்துப்போய் வேறு எழுத்துக்கு மாறிவிட்டார்கள். வெளியூரில் அச்சகம் வைத்திருந்த மகள் மட்டும் புது மெஷின் வாங்கும்போதெல்லாம் போன் செய்வாள். அந்த போனுக்காகத்தான் மனுஷன் கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறார் என்பது தெருவின் தீர்ப்பு.

அச்சகம் மூடி இரண்டு வருடமாகிறது. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கேட்பதற்கு மெஷினும் இல்லை. போன் நின்றது. அவரும் கூப்பிடவில்லை. தன்னைத் தலைமுழுகிவிட்டாரோ என்பதுதான் வந்ததிலிருந்து அவளை அரித்தது.

அப்பாவின் அக்கா கதவில் சாய்ந்து நின்றாள். "என்னடி தேடுற? வீட்டுப் பத்திரமெல்லாம் அதுக்குள்ள இருக்காது."

"அப்பா என்னப் பத்தி ஏதாவது சொன்னாரா அத்தை?"

"உன் பேச்சை எடுத்தாலே எந்திரிச்சு உள்ள போயிடுவான். இந்தப் பொட்டியக் கட்டிக்கிட்டு அழுவான். நான் எதுக்குப் பொய் சொல்லணும்."

அவள் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. திறந்தாள். பதினொரு அகலக் கோப்புகள், ஒவ்வொன்றும் ஒரு மெஷின் பெயரில். எல்லாமே இந்த இரண்டு வருடத்தில் சந்தைக்கு வந்த புது மெஷின்கள். கடைசிக் கோப்பின் தேதி போன செவ்வாய்க்கிழமை.

அத்தை கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தாள். "இத்தனையும் நீயா வாங்கின?"

"ஒண்ணுகூட வாங்கல."

அத்தை திரையில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனாள். "நீ எதை வாங்குவியோன்னு தெரியாம, வர்ற மெஷினுக்கெல்லாம் பண்ணி வெச்சிருக்கான்."

போன் மறுபடி அடித்தது. அச்சுக்கடைக்காரர் தன் மெஷின் பெயரைச் சொன்னார். அது நான்காவது கோப்பு. அனுப்பினாள்.

"இப்ப சரியா வருதும்மா," என்றார் அவர்.

முன்னறையில் நாற்காலிகளை ஒதுக்கும் சத்தம் கேட்டது. அத்தை வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். யாரோ கேட்டதற்கு, "உள்ள வேலையா இருக்கா, சும்மா விடுங்க," என்று அதட்டினாள்.

மகள் ஐந்தாவது கோப்பைத் திறந்தாள். எழுத்துக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு எண். முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.