குயிட்னாவில் பதினோரு மாலைகள்

சன்னிவேலில் ஸ்வர்ணா வேலை பார்க்கும் கம்பெனி, சிறு விமானங்களுக்கு வானிலைத் தகவல் திரட்டித் தருகிறது. ஜூன் மாதத்தில் ஒரு நாள், அலாஸ்காவின் குயிட்னா என்ற ஊரிலிருந்து வந்த பழைய வானிலைப் பதிவுகள் அவளை நிறுத்திவைத்தன. அங்கே சரளைக்கல் கொட்டிய ஒற்றை ஓடுபாதைதான் விமான நிலையம். சாலை கிடையாது. அரிசி முதல் மருந்து வரை எல்லாம் ஒன்பது பேர் உட்காரும் விமானத்தில்தான் வரவேண்டும்.

போன ஜூலையில் பதினோரு மாலைகளில் அங்கிருந்த கருவி, ‘கால் மைலுக்கு மேல் எதுவும் தெரியாது, மூடுபனி’ என்று சொல்லியிருந்தது. அதே நேரத்தில் பக்கத்துக் கம்பத்தில் இருந்த கேமரா எடுத்த படங்களில் ஆறு மைல் தள்ளியிருக்கும் மலை துல்லியமாகத் தெரிந்தது.

“சென்சார் பழசு. அந்த டேட்டாவ ட்ராப் பண்ணிடுங்க ஸ்வர்ணா” என்றார் மேனேஜர் வெங்கடகிருஷ்ணன்.

“பழசுன்னா எப்பவும்தானே தப்பா காட்டணும் வெங்கட்? காத்து நின்னு, கொஞ்சம் வெயில் இருக்கற சாயங்காலம் மட்டும்தான் இப்படி வருது. ஈரமே இல்லாம பனி எப்படி வரும்?”

அவர் தோளைக் குலுக்கினார். ஸ்வர்ணாவுக்கு மனசு கேட்கவில்லை. அந்த ஓடுபாதையைப் பராமரிப்பவரின் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டாள். எடுத்தவள் ஆக்னஸ் என்ற அறுபது வயதுக்காரி. ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாகப் பேசினாள்.

“மூடுபனியா? வானம் பளிச்சுன்னு இருந்தது. ஆனா பனின்னு ரிப்போர்ட் போனா பைலட் கிளம்ப மாட்டான். டயாலிசிஸுக்குப் போன என் வீட்டுக்காரர் அஞ்சு நாள் டவுன்லயே கிடந்தார். ஏன்னு எங்க யாருக்கும் புரியல.”

“அடுத்த தடவை அப்படி ஆச்சுன்னா, நான் கூப்பிடறேன். கருவிகிட்ட போய் நின்னு பாக்கறீங்களா?”

ஒன்பது நாள் கழித்து, ஆபீஸ் ஷட்டில் பஸ்ஸில் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது லேப்டாப்பில் அந்த எண் வந்தது: கால் மைல். ஸ்வர்ணா உடனே கூப்பிட்டாள். ஆக்னஸ் நடக்கும் சத்தம், காலடியில் சரளைக்கல் நொறுங்கும் சத்தம். பிறகு ஒரே இருமல்.

“என்ன ஆச்சு? ஆக்னஸ்?”

“வாய்க்குள்ள போயிடுச்சு!” அவள் துப்பினாள். “கொசு! கருவியைச் சுத்தி தூண் மாதிரி நிக்குது. ஆயிரக்கணக்குல!”

ஸ்வர்ணா ஷட்டில் என்பதை மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டாள். கருவியின் கண்ணாடியில் பனி படியாமலிருக்க உள்ளே சூடேற்றுவார்கள். அந்த வெதுவெதுப்புக்கு மொய்த்த கொசுக்களை அது பனித்துளி என்று எண்ணிக்கொண்டிருந்தது.

மறுநாள் வெங்கடகிருஷ்ணனும் சிரித்தார். “சூப்பர். அப்போ காத்து இல்ல, ஈரம் இல்ல, வெயில் இருக்குன்னா அது கொசு. ஆட்டோமேடிக்கா ‘க்ளியர்’னு கரெக்ட் பண்ணிடலாம்.”

ஒரு மணி நேரத்தில் ஸ்வர்ணா அதற்கான கோட் எழுதி, பழைய பதிவுகளில் ஓட்டிப் பார்த்தாள். பதினோரு மாலைகளும் சரியாயின. கூடவே ஆகஸ்டில் ஒரு நாளும் ‘க்ளியர்’ என்று மாறியிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அன்றைய கேமராப் படத்தைத் திறந்தாள். மலை இல்லை. ஓடுபாதையின் மறுமுனைகூட இல்லை. எங்கும் மங்கலான ஆரஞ்சு நிறம்.

அந்த நிறம் அவளுக்குத் தெரியும். காட்டுத்தீ எரிந்த வருஷத்தில் ஒரு காலை, சன்னிவேலில் விடியாமலே போன நாளில் ஜன்னலில் பார்த்த அதே நிறம். புகை. அதிலும் ஈரம் கிடையாது. காற்று நின்றிருந்தால் அப்படியே தேங்கி நிற்கும். மேகம் இல்லாததால் கோட் அதை வெயில் நாளாகவே எடுத்துக்கொண்டிருந்தது.

“நம்ம கோட் அன்னிக்கு ஓடியிருந்தா ‘க்ளியர்’னு சொல்லியிருக்கும், வெங்கட். ஒரு பிளேன் அதுக்குள்ள எறங்கப் பாத்திருக்கும்.” வெங்கடகிருஷ்ணன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, “ஆட்டோமேடிக் வேணாம். வேற என்ன பண்ணலாம், சொல்லுங்க” என்றார்.

கருவி தரும் எண்ணை மாற்றுவதில்லை, ‘சந்தேகம்’ என்று மட்டும் குறிப்பது என்று முடிவானது. கேமராப் படமும், நேரில் போய்ப் பார்த்து ஆக்னஸ் சொல்லும் ஒரு வரியும் கூடவே பைலட்டுக்குப் போகும். கம்பெனி ஆக்னஸை வானிலைப் பார்வையாளராக நியமித்தது. வலைத்துணி போட்ட தொப்பியும் வாங்கி அனுப்பியது.

அந்த ஜூலையில் எட்டு மாலைகளில் சந்தேகக் குறி விழுந்தது. ஏழில் விமானம் இறங்கியது. அவற்றில் ஒன்றில் ஆக்னஸின் கணவர் வந்து சேர்ந்தார். எட்டாவது நாள் ஆக்னஸ் “இது நிஜப் பனி, வராதீங்க” என்று சொன்னாள், யாரும் கிளம்பவில்லை.

மாதக் கடைசியில் அவளே கூப்பிட்டாள்.

“ஸ்வர்ணா, நேத்து பிளேன் ரெண்டு தடவை வட்டம் அடிச்சுது. கொசுக்கடி தாங்காம கலைமான் கூட்டம் பூரா, வெட்டவெளின்னு ஓடுபாதையில வந்து நின்னுடுச்சு. இதை முன்கூட்டியே சொல்ல வழி இருக்கா?”

“எத்தனை மணிக்கு வந்துது?” என்று கேட்டபடியே ஸ்வர்ணா நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.