பதினைந்தாம் எண் கணினி

பச்சை விளக்கு எரிந்தது. திரையின் மூலையில் 'இணைப்பு உள்ளது' என்று இருந்தது. ஆனால் ஆய்வக வேதியியலாளர் போனில் சொன்ன தண்ணீர்ப் புட்டியின் எண் என் திரையில் இல்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில், மென்பொருள் பிரிவில். பரிசோதனை முடிவுகள் எல்லாம் கீழ்த்தளத்தில் பூட்டிய அறையிலுள்ள ஒரு கணினியில் சேரும். வெளியிலிருந்து யாரும் அதைத் தொட முடியாது. நாங்கள் நான்கு பேர் நிரல் எழுதும் இடமோ கிளவுடில், அதாவது இணையம் வழியே எங்கோ வாடகைக்கு எடுத்த கணினிகளில். இரண்டுக்கும் நடுவே விபிஎன் என்ற தனிப்பாதை போட்டு, எங்கள் நிரல் கீழ்த்தளக் கணினியைப் படிக்கும்படி செய்வது என் பொறுப்பு. இன்று மூன்று மணிக்கு இயக்குநர் வந்து பார்ப்பார். பார்த்துவிட்டு என்னை நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்துப் போடுவார். என் ஆறு மாதத் தகுதிகாண் காலம் இன்றோடு முடிகிறது.

இரண்டு வாரமாக எல்லாம் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். சரியாகவும் இருந்தது. கேட்டால் முடிவுகள் வரிசையாக வந்தன. குளோரின், கடினத்தன்மை, எடுத்த இடம். கடைசியாக ஒருமுறை ஒப்பிட்டுவிடலாம் என்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போன் செய்தேன். 4417ஆம் புட்டியை இப்போதுதான் பதிவு செய்ததாக வேதியியலாளர் சொன்னார். என்னிடம் கடைசி எண் 4102. நன்றாகக் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார் என்றார். துடைத்துவிட்டுப் பார்த்தேன். 4102தான்.

நான் படித்தது இயற்பியல். அளவீடு தவறினால் முதலில் கருவியைச் சந்தேகி, அப்புறம் உன்னைச் சந்தேகி என்று பழக்கியிருந்தார்கள். கருவியை ஒரு மணி நேரம் சந்தேகித்தேன். இணைப்பைத் துண்டித்துத் திரும்பக் கொடுத்தேன். மறுபடி பச்சை. மறுபடி 4102. கீழ்த்தளக் கணினி இல்லையென்றால் பதில் வரக்கூடாது. இருக்கிறதென்றால் 4417 வரவேண்டும். இரண்டும் இல்லாத ஒன்று எப்படி நடக்கும் என்று புரியவில்லை.

பன்னிரண்டரைக்குக் கம்பி அண்ணனிடம் போனேன். கட்டடத்தின் நெட்வொர்க் முழுவதும் அவர் கையில். எந்தக் கேபிளையும் கம்பி என்றே சொல்வதால் அந்தப் பெயர். தன் பக்கத்துத் திரையைத் திறந்து பார்த்தவர், மூக்கைச் சொறிந்தார்.

"பாதை நல்லாத்தான் இருக்கு. ஆனா உன் பக்கத்துலேருந்து ஒரு எழுத்துகூட இதுக்குள்ள வந்ததில்லம்மா. ரெண்டு வாரமா சைபர்."

"அப்ப இவ்வளவு நாளா எனக்குப் பதில் சொன்னது யாரு?"

கிளவுடில் இடம் கேட்டு நான் நிரப்பிக் கொடுத்த படிவத்தை எடுத்துவரச் சொன்னார். பார்த்ததும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். படிவத்தின் தலையில், எப்படி நிரப்ப வேண்டும் என்று காட்ட, உதாரணத்துக்கு ஒரு வரி இருக்கும். படிவத்தைத் தயாரித்த கம்பி அண்ணன், வேறு முகவரி எண் யோசிக்கச் சோம்பல்பட்டு, அதில் கீழ்த்தள நெட்வொர்க்கின் சொந்த எண்களையே போட்டிருந்தார். என்ன எண் எழுதுவது என்று எல்லோரும் அவரிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் நிரப்புவார்களாம். நான் கேட்கவில்லை. உதாரணத்தை அப்படியே எழுதிக் கொடுத்திருந்தேன், கிளவுடில் எனக்கென்று கேட்ட சோதனைக் கணினியின் எண் பதினைந்து உட்பட.

கீழ்த்தளக் கணினியும் பதினைந்துதான். இரண்டு தெருவுக்கும் ஒரே பெயர், இரண்டிலும் அதே கதவு எண் என்பது போல. கிளவுடுக்குள் நின்று பதினைந்தைக் கேட்டால், அது தன் தெருவிலேயே உள்ள பதினைந்தைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். தனிப்பாதைப் பக்கம் திரும்பவே திரும்பாது. அந்தப் பதினைந்தில் இருந்தவை, பழகிப் பார்க்க நானே போன மாதம் நகலெடுத்து வைத்த பழைய முடிவுகள்.

கிளவுட் இடத்தை முழுவதும் அழித்து, புது எண்களோடு மறுபடி கட்ட வேண்டும். ஒரு நாள் வேலை.

"இயக்குநர் என்ன புட்டி புட்டியாவா எண்ணப் போறாரு? பழசையே காட்டிடு. கையெழுத்து விழட்டும், நாளைக்கு மாத்திக்கலாம்" என்றார் கம்பி அண்ணன்.

படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றேன். மேலே போவதா கீழே போவதா என்றுகூட மறந்துவிட்டது. காட்டினால் யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டு வாரம் தெரியாமல் பழசைச் சரி என்று சொன்னதைத் தாண்டி, இன்று தெரிந்தே ஒரு மணி நேரம் அதைக் காட்ட முடியும் என்று தோன்றவில்லை.

எங்கள் குழுவை நடத்தும் அக்காவிடம் சொன்னேன். உதாரணத்தை அப்படியே எழுதிய படிவத்தையும் நீட்டினேன்.

"தெரியலன்னா கேக்க வேண்டியதுதானே?"

"இதுகூட தெரியாதான்னு நினைச்சுடுவீங்கன்னு..."

"இப்ப என்ன நினைக்கிறேன்னு நினைக்கிற?"

தெரியவில்லை. அதையே சொன்னேன்.

அக்கா இயக்குநர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே நின்று சுவரிலிருந்த தீயணைப்பு விதிகளை நான்கு முறை படித்தேன். வெளியே வந்தவர், இன்றைக்குக் கையெழுத்து இல்லை என்றார். தகுதிகாண் காலத்தை இன்னும் இரண்டு மாதம் நீட்டியிருக்கிறார்களாம்.

"இது நல்லதாக்கா, கெட்டதா?"

"வெளிய போகச் சொல்லல. அதுக்கு மேல எனக்கும் புரியல. போய் வேலையப் பாரு."

கம்பி அண்ணனிடம் புது எண்களைக் கேட்டு வாங்கி வந்தேன். வரிக்கு வரி, இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டதில் அவருக்கு டீ ஆறிப்போய்விட்டது. என் மேசைக்கு வந்து, கிளவுட் இடத்தை அழிக்கும் பொத்தானை அழுத்தினேன். நிச்சயமாகவா என்று கணினி கேட்டது.

எழுந்து நின்றேன்.

"இதை அழிக்கப் போறேன். எல்லாரும் அவங்கவங்க வேலைய எடுத்து வெச்சுட்டீங்களா?"

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. மூன்று தலைகளும் திரும்பின. ஜன்னலோரம் இருந்தவர், இரு, அஞ்சு நிமிஷம் என்றார்.

விசைப்பலகையைத் தள்ளி வைத்துவிட்டு, நின்றபடியே காத்திருந்தேன்.