நல்ல பாத்திரம் ஒன்று கொண்டு வரவும்

கீழே வரும் ஒவ்வோர் எழுத்தும் சத்தியம். பழையாற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கற்பூரம் ஏற்றிச் சொல்லச் சொன்னாலும் சொல்லலாம். கற்பூரம்தான் நனைந்துபோகும்.

வருஷம் 1952. நொச்சிவிளைப் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் ரசலையனுக்கு ஒரு சோதனை வந்தது. மறுநாள் திருவனந்தபுரத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார். மூன்றாம் பாரத்து வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை எதெதனால் ஆனது என்று தெரிகிறதா என்று சோதிப்பார். தெரிந்தால் ரசலையன் இங்கேயே இருக்கலாம். தெரியாவிட்டால் பேச்சிப்பாறைக்கு அப்பால் ஒரு மலைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம். அங்கே வருகைப் பதிவேட்டில் பிள்ளைகள் ஏழு, யானைகள் பதினொன்று.

கடைசிப் பிரிவேளையில் அவசரமாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டார்: 'நாளை கதை. களம், நல்ல பாத்திரம், இறுகிய முடிச்சு, கரு. ஆளுக்கொன்று ஆயத்தமாகக் கொண்டு வரவும்.' விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார், மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் பறந்துவிட்டன.

காலையில் வந்து பார்த்தால் பள்ளி முற்றத்தைக் காணோம். சாணி மெழுகிய நெல் களம் கிடந்தது. கதிர்க்கட்டுகள் மலைபோல் குவிந்திருக்க, மாடுகள் சுற்றிச் சுற்றிச் சூடடித்துக்கொண்டிருந்தன. மாணவி முத்துக்கனியின் அப்பா நாராயணபெருமாள் மாட்டு வாலை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னவோய் இது?"

"களமாக்கும் சாரே. இன்ஸ்பெக்டருக்குக் களம் வேணும்னு பிள்ளை சொன்னா. வெள்ளனே வந்து மெழுகியாச்சு. அவருக்க ராசிக்கு நாலு கோட்டை நெல்லு நிக்கும்."

திரும்பினால் இன்னொரு மாணவி சண்முகவடிவு. அவளுக்குப் பின்னால் எட்டு ஆள் சுமந்து வந்த கல்யாண வார்ப்பு, ஊரிலேயே பெரிய அண்டா. ஒருமுறை அதில் பாயசம் கிண்டப் போனவர் தோணி பிடித்துத்தான் கரையேறினார்.

"இதவிட நல்ல பாத்திரம் ஊருல கெடயாது சாரே."

கிளீட்டஸ் கடற்கரையிலிருந்து ஒரு வடம் கொண்டுவந்திருந்தான். அதன் முடிச்சுக்குள் அவன் அப்பூப்பன், கடலோடித் தாத்தா, ஒரு புயலைக் கட்டிப்போட்டிருந்தார். காதை வைத்தால் இன்னும் இரைந்தது. தொலையாமலிருக்க வடத்தின் ஒரு முனையை மாட்டுக் கழுத்தில் கட்டியிருந்தான்.

நேசபாய் கூடை நிறைய முட்டையோடு வார்ப்பின் விளிம்பருகே ஏறி நின்றாள். "கரு உள்ள இருக்கு சாரே. ஒடச்சுக் காட்டட்டா?"

"வேண்டாம் மக்கா, ஒன்னக் கும்பிட்டேன்!"

அதற்குள் கார் வந்து நின்றது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கறுப்பு மீசை.

"எந்தா இது? ஸ்கூளோ, சந்தையோ?" என்று இன்ஸ்பெக்டர் ஓரடி எடுத்து வைத்தார். வடத்துச் சுருக்கில் கால் மாட்டியது. மாடு மிரண்டது. ஏழு சுற்று களத்தோடு போனவர், எட்டாவது சுற்றில் முடிச்சிலிருந்து கசிந்த புயலோடு மேலே போனார். வடசேரிச் சந்தையில் கத்தரிக்காய் வரத்து எப்படியென்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராக வார்ப்புக்குள் இறங்கினார். நேசபாய் பயத்தில் கூடையை விட்டாள். அதுவும் நேராக அவர் தலையில்தான் இறங்கியது.

ரசலையனுக்குப் பதினோரு தும்பிக்கைகள் கண்ணில் தெரிந்தன. இனி போனால் என்ன, வந்தால் என்ன என்று தொண்டையைச் செருமினார்.

"ஏலே பிள்ளைகளா, கதைக்குக் களம் எது?"

"நாம நிக்கியதாக்கும் சாரே!"

"பாத்திரம்?"

"உள்ள கெடக்காரே, அவரு!"

"முடிச்சு?"

"அவருக்க காலுல!"

"உச்சம்?"

"வடசேரி பாத்தாரே, அது!"

"கரு?"

"அவருக்க மீசையில வடியுது சாரே," என்றாள் நேசபாய் பணிவாக.

வார்ப்புக்குள்ளிருந்து குரல் கேட்டது: "எடோ! எனக்கு இங்கேருந்து ஆகாசம் மட்டும்தான் தெரியுது!"

"பார்வைக் கோணம்," என்றார் ரசலையன். "எழுதிக்கோங்க. இனி, முடிவு?"

முத்துக்கனி மட்டும் கை தூக்கினாள். "அது அவரு என்ன எழுதப் போறாருன்னு தெரிஞ்சாத்தான் சாரே."

வார்ப்பு குலுங்கியது. உள்ளே யாரோ அழுவதாக எல்லோரும் நினைத்தார்கள், இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டிருந்தார். மஞ்சள் வழியும் கையொன்று விளிம்புக்கு மேலே நீண்டு பள்ளிக்கூட ஆய்வு நோட்டைக் கேட்டது. வாங்கி எழுதியது: 'மூன்றாம் பாரத்துக்குக் கதையின் உறுப்புகள் யாவும் கண்ணால் கண்டபடி தெரியும். ஆசிரியர் இங்கேயே தொடரலாம். என்னைத்தான் உடனே இடம் மாற்றவும்.'

எட்டு ஆள் சேர்ந்து அவரை வார்ப்போடு தூக்கினார்கள்.

நொச்சிவிளையில் முதல் பள்ளிக்கூடம் திறந்தது 1961-இல்.