பவுனம்மா வச்ச மருந்து

எங்க பேத்தி ஸ்ருதியோட வீட்டுக்காரர் முகுந்தன் தைவான்ல பேஸ்பால் ஆடுறாரு. சும்மா பொழுதுபோக்குக்கு இல்ல, அதான் அவரு வேலையே. இங்க கிள்ளானத் தாண்டி காப்பார்ல, செம்பனைக் காட்டுப் பக்கத்துல வளந்த புள்ள. ஸ்கூல்ல சாஃப்ட்பால் எறிஞ்சுக்கிட்டு இருந்தாரு, எடது கையால எறியுறதப் பாத்துட்டு ஒரு தைவான் கோச்சு அப்படியே கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. கிரிக்கெட் மாதிரி பந்து தரையில குத்தி வராது இதுல, நேரா வரும். அடிக்கிறவன் கண்ண சிமிட்டுறதுக்குள்ள பின்னால உக்காந்திருக்கிறவன் கையில இருக்கும். எனக்கு ரூல்ஸ் ஒன்னும் வெளங்காது லா. ஆனா மாப்பிள்ளை எறிஞ்சு எதிராளி பேந்தப் பேந்த முழிச்சா எனக்கு அது போதும்.

அவரோட அம்மா பவுனம்மாள், எங்க சம்பந்தி. அவங்களப் பத்தி முதல்லயே சொல்லிடுறேன். நாங்க செட்டியாரு வீடு, அவங்க தோட்டத்துல வேல பாத்த குடும்பம். புள்ளைங்க ரெண்டும் அதுங்களாவே முடிவு பண்ணிக்கிட்டுதுங்க. எங்க பக்கம் கொஞ்சம் முணுமுணுப்பு, அவங்க பக்கம் பெரிய முணுமுணுப்பு. பவுனம்மா காப்பார் கோயில்ல போயி எல்லார்கிட்டயும் என்னா சொன்னாங்க தெரியுமா? "ஆச்சி வீட்டுல பணியாரத்துல மருந்து வச்சு எம்புள்ளய மயக்கிட்டாங்க!" என் காதுக்கே வந்துச்சு. அதுக்கப்புறம் பிரிக்பீல்ட்ஸ்ல எங்க வீட்டுக்கு எத்தன தடவ வந்திருப்பாங்க! பச்சத்தண்ணி மட்டும்தான் குடிப்பாங்க. பணியாரத் தட்ட நீட்டினா, "வயிறு சரியில்ல ஆச்சி"ம்பாங்க. அந்த வயிறு கல்யாணத்துலேருந்து சரியாவே ஆகல.

இந்த வருஷம் ஆட்டம் நடந்துக்கிட்டு இருக்கையில ஒரு நாளு ஸ்ருதிக்கு ஃபோன் வந்துச்சு. அடுப்படியில நின்னுக்கிட்டே "டிரக் டெஸ்ட்டா? பாசிட்டிவ்வா?"ன்னு கத்துறா. நம்ம ஊருல டிரக்னா போதைப்பொருள்தானே, தூக்குக்கயிறு வரைக்கும் போற சமாச்சாரம். "அடியே, மாப்பிள்ளையப் புடிச்சுட்டாங்களா? எந்த லோக்கப்புல?"ன்னு நான் அழவே ஆரம்பிச்சுட்டேன்.

"அய்யோ ஆயா! அது இல்ல. ஊக்க மருந்து. பலம் வர்றதுக்கு ஆட்டக்காரங்க திருட்டுத்தனமா சாப்புடுவாங்கல்ல, அந்த ஸ்டீராய்டு. அவரு சாப்புட்டாருன்னு சொல்லி ஆடக்கூடாதுன்னு நிறுத்திட்டாங்க."

"அவரா? இருமல் மருந்து குடுத்தாக்கூட பாட்டில திருப்பித் திருப்பிப் படிச்சுட்டு, வேணாம் ஆயான்னு வச்சிடுவாரே!"

அதான் உண்மை. சளி புடிச்சாலும் டீம் டாக்டர கேக்காம ஒரு மாத்திரை தொடமாட்டாரு. அப்பேர்ப்பட்ட மனுசன் பையத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்து உக்காந்தாரு. முகத்துல கோவமே இல்ல. "எப்படி வந்துச்சுன்னு தெரியல ஆயா. ஆனா என் ஒடம்புல இருந்துச்சு, நான்தான் பொறுப்பு"ன்னாரு. தைவான் பேப்பர்ல கண்டபடி எழுதினான். இவரு ஒருத்தர ஒரு சொல்லு ஏசல. விடிஞ்சா கீழ எறங்கிப் போயி ஓடிட்டு வருவாரு.

வக்கீலு கிஷன், ஸ்ருதியோட படிச்ச பையன். அவன் வந்து வெளக்கமா சொன்னான். "ஆயா, அது எங்கேருந்து வந்துச்சுன்னு காட்டணும். தெரியாம உள்ள போயிருச்சுன்னு நிரூபிச்சா தண்டனை குறையும். இல்லாட்டி நாலு வருஷம்." மாப்பிள்ளைக்கு இப்பவே முப்பத்தொன்னு. நாலு வருஷம் கழிச்சு அந்தத் தோளு யாருக்கு வேணும்? சின்னச்சின்னப் பசங்க வரிசையில நிப்பானுங்க. அத்தோட முடிஞ்சுது.

அந்த வாரம் பவுனம்மா மகனப் பாக்க வந்தாங்க. எங்க லிஃப்ட் ரோசாக், ரிப்பேருக்கு ஆளு வரவே இல்ல. நாங்க இருக்கிறது நாலாவது மாடி. முன்னெல்லாம் அவங்க ஒவ்வொரு மாடியிலயும் உக்காந்து உக்காந்து, முருகா முருகான்னு வருவாங்க. அன்னைக்கு நான் பாசார்லேருந்து வந்து படியில மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கிறேன், பின்னால வந்தவங்க என் பையயும் வாங்கிக்கிட்டு மொத ஆளா மேல போயிட்டாங்க! மூஞ்சி வேற நல்லா உருண்டையா, பூசினாப்ல.

உள்ள வந்ததும் கேட்டுட்டேன். "சம்பந்தி, உங்க முட்டிவலி எங்க போச்சு?"

அவங்களுக்கு ஒரே பெருமை. கைப்பையத் தொறந்து ஒரு பொட்டலத்த எடுத்தாங்க. "பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில லோரி போட்டு மைக்ல கூவி விக்கிறான் ஆச்சி. ஒரே வாரம், வலி பறந்துருச்சு! உங்களுக்கும் கொண்டாந்திருக்கேன். தம்பி முகுந்தனுக்கும் தோளு வலின்னு சொன்னானே, மாத்திரைன்னா திங்கமாட்டான். அதான் கேப்சூல பிரிச்சு சுக்குத்தூள்ல கலந்து, ஒரு பிஸ்கட் டின்னுல போட்டுக் குடுத்து விட்டேன். தைவான் போனதும் வலியே இல்லம்மான்னானா இல்லையா? கேளுங்க அவன!"

ஸ்ருதி வாயத் தொறந்தா. அதுக்குள்ள மாப்பிள்ளை எந்திரிச்சு, "ஆமாம்மா, வலியே இல்ல. வாங்க, பசியாறுங்க"ன்னு அவங்க கையப் புடிச்சு மேசைக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. அம்மா குடுத்த சுக்குத்தூளு மருந்துன்னு யாருக்காச்சும் தோணுமா? ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலயும் அதத்தான் சுடச்சுடக் குடிச்சிருக்காரு.

அவங்க கெளம்பிப் போனதும் சண்டை.

"கிடைச்சுருச்சு முகு! அத்தையே சொன்னாப் போதும். விசாரணையில கேமரா முன்னால உக்காந்து ஒரு வார்த்தை!"

"வேணாம்."

"நாலு வருஷம் முகு!"

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா, இனிமே எனக்கு ஒரு வாயி சோறு போடுறதுக்குக்கூட அவங்க கை நடுங்கும். எனக்கு அது வேணாம். ஆயா, நீங்களும் சொல்லக்கூடாது."

நான் சரின்னு தலையாட்டினேன். எதிராளிய முழிக்க வைக்கிறது மட்டும்தான் இவருக்குத் தெரியும்னு நெனச்சேனே, அம்மாவுக்காகத் தன் பொழப்பையே விட்டுக்குடுக்கவும் தெரியுது பாருங்க.

ஆனா எனக்கு இன்னொரு கவலை. அந்தப் பொட்டலத்த எங்க பார்மசிக்காரப் பொண்ணுகிட்ட காட்டினேன். "பாட்டி, இதுலெல்லாம் கண்ட கண்ட ஸ்டீராய்டையும் கலப்படம் செய்வானுங்க, மொகம் ஊதும், தொட்டுறாதீங்க. சாப்புடுறவங்கள ஒடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க"ன்னா. பவுனம்மா தெனம் முழுங்குறாங்களே! மகன் சமாச்சாரத்த சொல்லக்கூடாதுதான், அதுக்காக ஒரு பொம்பள தன் ஒடம்பக் கெடுத்துக்கிறத பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? ஃபோன் போட்டேன்.

"சம்பந்தி, மொதல்ல டாக்டரப் பாருங்க. அந்த மாத்திரையில ஸ்டீராய்டு கலப்படமாம்."

அவங்க மெதுவா, "ஸ்டீராய்டா? ஆச்சி... தம்பிய நிறுத்துனது அதுக்குத்தானே?"

நான் ஒன்னும் சொல்லல. சொல்லாததே சொன்னாப்ல ஆயிருச்சு. ஃபோன வச்சுட்டாங்க.

மறுநாளு காலையில கதவத் தட்டுறாங்க. கிள்ளான்ல டாக்டரப் பாத்துட்டு, அங்கேருந்து கொமுட்டர் ரயிலு புடிச்சு சென்ட்ரல் ஸ்டேஷன்ல எறங்கி, நடந்தே வந்திருக்காங்க. கையில மிச்ச கேப்சூலு, தலையில வாராத முடி. மாப்பிள்ளை கதவத் தொறந்தாரு. அவங்க அழுவாங்கன்னு நெனச்சேன். அழல.

"ஏன்டா சொல்லல? உங்கம்மாவ என்னா, கண்ணாடி பொம்மைன்னு நெனச்சியா? எங்க உக்காரணும்? எந்தக் கேமராவப் பாக்கணும்? சொல்லு!"

"அம்மா, ஊரு முழுக்கப் பேசும்மா."

"நான் பேசாத ஊராடா?"

கிஷன் தைவான்லேருந்து அந்த பிஸ்கட் டின்ன வரவழைச்சு, மிச்சமிருந்த தூளையும் இந்த கேப்சூலயும் லேப்ல குடுத்துப் பாத்தான். ரெண்டுலயும் அதே சனியன்.

விசாரணை எங்க ஹால்லயே, கம்ப்யூட்டர்ல. அந்தப் பக்கம் மூணு பேரு, நடுவுல ஒரு வெள்ளைக்கார அம்மா. மொழிபெயர்க்க கன்னையான்னு ஒரு அண்ணன், கிள்ளான் கோர்ட்டுல இருந்து பென்ஷன் ஆனவரு, டை எல்லாம் கட்டிக்கிட்டு வந்திருந்தாரு. நான் சுவத்தோரமா உக்காந்திருந்தேன். பவுனம்மா பட்டுப்புடவை கட்டி, நெத்தி நெறைய பொட்டு வச்சு, கேமராவுக்கு நேரா உக்காந்தாங்க.

"மகனுக்கு நீங்க என்ன செஞ்சீங்க?"ன்னு கேட்டாங்க.

பவுனம்மா என் பக்கம் திரும்பிப் பாத்தாங்க. கேமராவ இல்ல, என்னைய. அப்புறம் நிமுந்து உக்காந்து சத்தமா சொன்னாங்க: "நான்தான் மருந்து வச்சேன்."

எந்தச் சொல்ல எம்மேல எறிஞ்சாங்களோ, அதே சொல்லு.

கன்னையா அண்ணனுக்கோ வேர்த்துருச்சு. கோர்ட்டு மனுசன், உள்ளது உள்ளபடி சொல்லணுமில்ல? தொண்டையக் கனைச்சு, மகன மயக்குறதுக்கு சாப்பாட்டுல செய்வினை வச்சதா இங்கிலீஷ்ல சொல்லிட்டாரு. வெள்ளைக்கார அம்மா கண்ணாடியக் கழட்டிட்டாங்க. பக்கத்துல இருந்த ஆளு, "மந்திரமா? எந்த மந்திரவாதி?"ங்கிறாரு.

பவுனம்மாவுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் புரியும். "யோவ் அண்ணே! அந்த மருந்து இல்லய்யா! கால்வலி மருந்து! பாசார் மாலாம் மருந்து! எம்புள்ளய நான் எதுக்குய்யா மயக்கணும், அவந்தான் ஏற்கனவே எம்மேல உசுரா இருக்கானே!"

கிஷன் மேசைக்கு அடியில தலைய விட்டுக்கிட்டான், சிரிப்ப அடக்க. அப்புறம் கன்னையா அண்ணன் சரியாச் சொன்னாரு. பவுனம்மாவும் ஒன்னு விடாம சொன்னாங்க: எங்க வாங்கினது, எப்படிப் பிரிச்சது, மகன்கிட்ட மறைச்சது, மறைச்சது தப்புங்கிறது. குரல் ஒரு எடத்துலதான் ஒடைஞ்சுது. "வலிக்குதுன்னான். வேற என்னா செய்யிறதுன்னு தெரியல."

கடைசியா அந்த வெள்ளைக்கார அம்மா மாப்பிள்ளையக் கேட்டாங்க, இனிமே அம்மா கையால எதையாவது குடிப்பீங்களான்னு.

"இன்னைக்கு காலையிலயும் குடிச்சுட்டுத்தான் வந்தேன். சுக்குக் காப்பி. நான் பக்கத்துல நின்னு பாக்க, அம்மா இடிச்சாங்க."

தீர்ப்பு வர ரொம்ப நாளாச்சு. வந்தப்ப, மாப்பிள்ளை விசாரிக்காமக் குடிச்சதும் தப்புதான்னு சொல்லி இந்த வருஷ ஆட்டம் பூராவும் கிடையாதுன்னுட்டாங்க. அடுத்த வருஷம் ஆடலாம். அவரு டீமும் காத்திருக்கோம்னு சொல்லிட்டாங்க. மாப்பிள்ளை எடது தோள ஒரு தடவ சுத்திப் பாத்துக்கிட்டாரு. அடுத்த நிமிஷம் ஷூவ மாட்டிக்கிட்டுக் கீழ எறங்கிட்டாரு ஓடுறதுக்கு.

பவுனம்மா முட்டிவலியோட, பழையபடி ஒவ்வொரு மாடியா உக்காந்து உக்காந்து வந்து சேந்தாங்க அன்னைக்கு. டாக்டரு கொஞ்சம் கொஞ்சமாத்தான் நிறுத்தணும்னு சொல்லி வேற மருந்து குடுத்திருக்காராம். காப்பார் கோயில்ல அவங்களே போயி எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்களாம், மருந்து வச்சது ஆச்சி வீட்டுல இல்ல, நாந்தான்னு.

நான் பணியாரத் தட்ட நீட்டினேன். எடுத்தாங்க. ஒன்னு, அப்புறம் இன்னொன்னு.

"இதுல என்னா ஆச்சி வச்சிருக்கீங்க?"

"மருந்துதான்."

"அதானே பாத்தேன். இன்னும் ரெண்டு போடுங்க."