யார் கொண்டுவந்த மூட்டை

என் மெத்தையை நானே தோளில் சுமந்து நாலு மாடி இறங்கிக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் போட்டேன். காலை ஒன்பது மணி. மாடிக்கு ஒரு கதவாவது திறந்திருந்தது. பின்னாலேயே கையை வீசிக்கொண்டு வந்த அத்தான், "பார்த்து, சுவத்துல படாம" என்றார். என் உடம்பில் ஒரு கடிகூட இல்லை. அதை யாரும் கேட்கவில்லை.

அதற்கு முந்தின நாள் குழந்தையைக் குளிப்பாட்டும்போதுதான் அக்கா பார்த்தாள். குழந்தையின் கையில் வரிசையாக மூன்று தடிப்பு. மூட்டைப்பூச்சிதான் என்று நான் சொல்லி வாயை மூடவில்லை, "மூட்டையைத் தூக்கிட்டு வந்தவன்தானே மூட்டையையும் கொண்டு வந்திருப்பான்" என்றார் அத்தான். அக்கா சிரித்துவிட்டாள். அவர் சொன்னதைவிட அவள் சிரித்ததுதான் உறைத்தது.

லாட்ஜ்களின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் இடத்தில் ஆறு வருடம் இரவு வேலை பார்த்தவன் நான். ஒருநாள் பாதி வேலையில் வெளியே வந்தேன், திரும்பப் போகவில்லை. இரண்டு மாதமாக அக்கா வீட்டு ஹாலில் படுக்கை. அத்தான் எனக்கு வைத்த பெயர் ஆந்தை. குழந்தையும் ஆந்தை மாமா என்றுதான் கூப்பிடும்.

கடியைப் பார்த்த அன்றே சொன்னேன். பூச்சி இருந்தால் மெத்தையின் தையலோரம் பேனா முனையால் குத்தியதுபோல் கறுப்புப் புள்ளிகள் இருக்கும், என் மெத்தையில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதில்லை, சூடான ஆவி அடித்தால் போதும்.

"துணி துவைச்சவன் டாக்டர் கணக்கா பேசுறான்" என்றார் அத்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மெத்தை போனது. நான் வெறுந்தரையில் படுத்தேன். அத்தான் ஒரு மருந்தை வாங்கி வந்து என்னைச் சுற்றி மட்டும் அடித்தார். மறுநாள் குழந்தையின் கழுத்தில் கடி. அதற்கடுத்த நாள் அக்காவின் முதுகில். அப்படியானால் என் துணிப்பையில்தான் இருக்கிறது என்று தீர்ப்பு மாறியது. பையையும் துணியையும் கொதிநீரில் போட்டு எடுத்தேன். கடி நிற்கவில்லை.

வியாழக்கிழமை வீட்டில் யாரும் இல்லாதபோது அத்தானின் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். தண்ணீர் பம்பு விற்கும் கம்பெனியில் அவருக்கு வேலை. மாதத்தில் பாதி நாள் ஊர் ஊராக லாட்ஜில் தங்குவார். அங்கே பெட்டி கட்டில்மேல் கிடக்கும், இங்கே கட்டிலுக்கு அடியில். பெட்டியின் உள்பக்கத் துணியில் இருந்த ஜிப்பைத் திறந்தேன். தையல் முழுக்கக் கறுப்புப் புள்ளி. உரித்துப் போட்ட தோல்கள். உயிரோடு ஐந்தாறு, வயிறு நிறைந்து நகர முடியாமல். ஒன்றை நகத்தால் நசுக்கினேன். எங்கள் வீட்டு ரத்தம்.

ஹால் நடுவில் வெள்ளை விரிப்பைப் போட்டு அதன்மேல் பெட்டியைத் திறந்து வைத்தேன்.

அக்கா வந்து குனிந்து பார்த்தாள். என் பையிலிருந்து அதில் ஏறியிருக்குமோ என்று கேட்டாள். பெட்டியை ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டேன்.

"இந்தப் புழுக்கத்துல அத்தான் ஏன் முழுக்கைச் சட்டையோட படுக்குறாரு?"

மூன்று வாரமாகச் சளி என்று சொல்லியிருக்கிறார். மூன்று வாரத்துக்கு முன்புதான் வெளியூர் போய் வந்தார். அக்கா விரலை மடக்கி நாளை எண்ணினாள்.

சாயங்காலம் வந்த அத்தான் பெட்டியைப் பார்த்தார். ஷூவைக் கழற்ற அவ்வளவு நேரம் எடுத்து நான் பார்த்ததில்லை.

"கையை மடிங்க" என்றாள் அக்கா.

"என்ன விளையாட்டு இது?"

"மடிங்க."

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வரிசை வரிசையாகத் தழும்புகள். எல்லாம் கறுத்துக் காய்ந்தவை. குழந்தையின் கழுத்தில் இருந்தவை இன்னும் சிவப்பாகவே இருந்தன.

அந்த லாட்ஜில் தங்கியது ஒரே ஒரு ராத்திரிதான், சொன்னால் அவள் சண்டை போடுவாள் என்றுதான் சொல்லவில்லை என்று இழுத்தார். என் பக்கம் திரும்பி, "மச்சான், நீயாவது..." என்று சிரிக்கப் பார்த்தார்.

"பாப்பா கழுத்துல கடிச்சப்பவும் தெரியும்ல?" என்றாள் அக்கா.

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

என்னிடம் அக்கா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் எங்கும் போக வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். பிறகு அத்தானிடம் அவர்களுடைய பெரிய மெத்தையைக் காட்டி, கீழே கொண்டுபோய்ப் போடச் சொன்னாள். அது என் மெத்தையைப்போல மூன்று மடங்கு.

அத்தான் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்து, கீழே விட்டார்.

"மச்சான், தூக்கிப் போட வேணாம், ஆவி அடிச்சாலே போதும்னு நீதானே சொன்னே?"

போதும்தான். ஒரே மதியத்தில் முடிகிற வேலை.

"நான் துணி துவைச்சவன், அத்தான். எனக்கென்ன தெரியும்?"

வாசல் கதவை அகலத் திறந்து வைத்தேன். எதிர்வீட்டுக் கதவு ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.