எடைமேடை நின்ற பத்து நிமிடம்

கரும்பு ஆலை அலுவலகத்துக்கு வந்ததும் ரீனா முதலில் பார்ப்பது, டேட்டாபேஸ் சர்வரில் பைத்தான் நிரல்களை ஓட்டும் நீட்டிப்பு இயங்குகிறதா என்பதைத்தான். எந்த வயலை எப்போது வெட்டுவது என்று கணக்குப் போட்டு, விவசாயிகளின் போனுக்கு உத்தரவு அனுப்பும் நிரல் அதில்தான் இயங்குகிறது. இன்று திரையில் இரண்டு எண்கள் ஒத்துப்போகவில்லை. அமைப்பில் ஒன்று, அதாவது இயங்கச் சொல்லியிருக்கிறது; நடப்பில் பூஜ்யம், அதாவது இயங்கவில்லை. நேற்று சர்வரைப் புதுப்பித்தவர்கள் நீட்டிப்பை இயங்கச் சொல்லிவிட்டு, சர்வரை மறுபடி தொடங்காமல் போயிருந்தார்கள். ஓர் உத்தரவும் போகவில்லை.

சர்வரை நிறுத்தினால் கரும்பு வண்டிகளை எடைபோடும் எடைமேடையும் நிற்கும். வெளியே முப்பது டிராக்டர்கள் வரிசையில்.

உடையார்பாளையத்துக் கரும்பு விவசாயி ரத்தினம்மாள் அலுவலகச் சன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாப்பா, கரும்பு பூத்துப்போச்சு, இனி நின்னா சாறு வத்திடும். வெட்டாளுங்க வூட்டு வாசல்ல குந்தியிருக்காங்க. பத்து மணிக்குள்ள ஆர்டர் வரலன்னா எறையூர்ப் பக்கம் போயிடுவேங்கிறான் மேஸ்திரி. அப்புறம் ஒரு மாசத்துக்கு ஆளு கெடைக்காது."

மணி ஒன்பதரை. ரீனா எடைமேடையில் எடை போடும் வைத்திலிங்கத்திடம் ஓடினாள்; ரத்தினம்மாளும் பின்னாலேயே வந்தார்.

"வைத்திலிங்கம் சார், பத்து நிமிஷம் மேடைய நிறுத்தணும்."

"நிறுத்துனா டிரைவருங்க என்னைத் தூக்கி வச்சு எடை போட்ருவாங்க. நீயே கேளு."

முதல் வண்டியில் பிச்சைமுத்து. "விடியறதுக்கு முன்னாடியே வந்து நிக்கிறேம்மா. என் முறை வர்றப்பதான் உங்க கம்ப்யூட்டருக்குக் கண்ணு சொக்குதா?"

"இல்லீங்கண்ணே. சுவிட்ச் போட்டிருக்கு, லைட் எரியல. மெயினை ஒருவாட்டி அணைச்சுப் போட்டாதான் எரியும். இந்தம்மாவோட ஆளுங்க கெளம்பிடப் போறாங்க."

பிச்சைமுத்து ரத்தினம்மாளைப் பார்த்தார். அவர் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"டேய் வேல்முருகா, பின்னாடி சொல்லு. எல்லாரும் இன்ஜினை அணைங்க. ஒரு டீ நேரந்தான்."

வரிசையில் வண்டிகள் ஒவ்வொன்றாக அடங்கின.

ரீனா அலுவலகத்துக்குத் திரும்பி ஓடிச் சர்வரை அணைத்துப் போட்டாள்; அது எழுந்து வந்தது. அமைப்பில் ஒன்று, நடப்பிலும் ஒன்று. நிரலை ஓட்டினாள். சற்று நேரத்தில் வெளியே ரத்தினம்மாள் போனில் பேசுவது கேட்டது.

"மேஸ்திரி, எறையூருக்குக் கெளம்பிடாதய்யா! ஆர்டர் வந்துட்டுது, இன்னிக்கே வெட்டணுமாம். வயலுக்கு நட, வந்துட்டேன்."

ரீனா வெளியே வந்ததும் ரத்தினம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ நல்லா இருக்கணும் தாயி."

"நான் திரையதாங்க பார்த்தேன். தன் முறைய விட்டுக்குடுத்தது அந்த மொத வண்டிக்காரரு."

ரத்தினம்மாள் பிச்சைமுத்துவின் டிராக்டருக்கு முன்னால் போய்க் கைகூப்பினார். பிச்சைமுத்து திணறிப்போனார்.

"அட, கைய எறக்குங்கம்மா! வைத்திலிங்கம் சார், என்ன வேடிக்கை? மேடைய விடுங்க!"

ரீனாவுக்கும் கைகூப்பத் தோன்றியது. கூச்சமாக இருந்தது. பிச்சைமுத்துவின் வண்டி மேடை ஏறி இறங்கும்வரை வெயிலிலேயே நின்றாள்.